ப்ரோ-பெயிண்டட்னு எழுதினா விலை ஏறாது

ஒரு 10 ரூபாய் நாணயத்தோட விட்டம் 27 மில்லிமீட்டர். ஏறக்குறைய அந்த உயரம்தான் ஒரு வார்ஹேமர் போர்வீரன் பொம்மையும். அந்த அளவுக்குள்ள கவசத்துக்குத் துரு, துணிக்கு மடிப்பு, கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, எல்லாத்தையும் மெல்லிய பிரஷ்ஷால வரைஞ்சு முடிக்கிறதுதான் மினியேச்சர் பெயிண்டிங். இங்கிலாந்துல நாட்டிங்ஹாமைத் தலைமையிடமா வெச்சிருக்கிற கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1983ல வார்ஹேமரையும், 1987ல வார்ஹேமர் 40,000ஐயும் வெளியிட்டுச்சு. டேபிள் மேல படை படையா நிறுத்தி ஆடுற விளையாட்டுக்கான இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பெயிண்ட் இல்லாமத்தான் விற்பனைக்கு வரும். வாங்குறவர்தான் ஒட்டணும், அவர்தான் வண்ணம் தீட்டணும். அதுக்கு நேரமோ பொறுமையோ இல்லாதவங்க, இன்னொருத்தர் தீட்டினதை ஈபேயிலயும் எட்சியிலயும் வாங்குறாங்க.

3டி பிரிண்டர் லேபுக்குள்ள வந்த பிறகு இந்தப் பழக்கம் நம்ம ஹாஸ்டல் ரூம்களுக்கும் வந்துடுச்சு. வந்த கையோட ஒரு கேள்வியும் வருது: “வித்தா என்ன விலை போடலாம்?” பக்கத்து ரூம்ல இருந்து வர்ற பதில் எப்பவும் ஒண்ணுதான்: “ஸ்டூடண்ட்தானே, கம்மியா போடு, சீக்கிரம் போயிடும்.” இந்தப் பதில் தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணை நீங்க போட்டுக்கங்க. ஒரு பொம்மையை 900 ரூபாய்க்கு விக்கிறீங்க. பொம்மை வாங்கினது 350. பெயிண்ட், பிரைமர், வார்னிஷ்ல இதுக்கான பங்கு 60. டப்பா, பபிள் ராப் 70. தளத்தோட கட்டணம் எல்லாம் சேர்த்து பத்து சதவீதம்னு வெச்சா 90. மொத்தம் 570 போக கையில நிக்கிறது 330. பெயிண்ட் அடிக்க ஆறு மணி நேரம் ஆச்சுன்னா மணிக்கு 55 ரூபாய். போட்டோ எடுத்து, லிஸ்டிங் எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, கொரியர் ஆபீஸ் வரைக்கும் போன நேரம் இதுல சேரல. ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்தா இதைவிட நல்லா வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் “அப்போ ஆறு மணி நேரத்துக்கும் நியாயமான கூலி போட்டு 2,500ன்னு எழுதிடலாம்”னு தோணும். அதுவும் நடக்காது. நீங்க எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்கங்கிறது வாங்குறவருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் அதுக்காகக் காசு கொடுக்க மாட்டார். அவர் முன்னால இருக்கிறது ஒரு சின்ன போட்டோவும் ஒரு வரித் தலைப்பும்தான். அந்தத் தலைப்புல உலகத்துல இருக்கிற எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதுறாங்க: ப்ரோ-பெயிண்டட்.

ஈபேயில தேடிப் பாருங்க. உண்மையிலேயே தொழில்முறைக் கலைஞர் தீட்டினதும் ப்ரோ-பெயிண்டட்தான், பெயிண்ட்டைத் தண்ணி கூடக் கலக்காம கெட்டியா அப்பி முகமே தெரியாமப் போனதும் ப்ரோ-பெயிண்டட்தான். அந்த வார்த்தைக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கிறதில்லை. எழுதக் காசும் இல்லை. அதனால அதுக்கு மதிப்பும் இல்லை.

இது புதுசா நாம கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. ஜார்ஜ் அகர்லாஃப்ங்கிற பொருளாதார அறிஞர் 1970லயே பழைய கார் சந்தையை வெச்சு இதை விளக்கிட்டார். காரோட உண்மை நிலை விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. நல்ல காரா ஓட்டைக் காரான்னு பிரிச்சுப் பார்க்க முடியாதவர் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார் வெச்சிருக்கிறவருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டே போயிடுவார். மிஞ்சுறது ஓட்டைக் கார்கள். விக்கிறவருக்குத் தெரிஞ்சது வாங்குறவருக்குத் தெரியாதப்போ சந்தை எப்படி நடக்கும்னு ஆராய்ஞ்சதுக்குத்தான் 2001ல அவருக்கும், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சுது. காரை எடுத்துட்டு அந்த இடத்துல மினியேச்சரை வைங்க, கதை அப்படியே பொருந்தும்.

ஆக, வாங்குறவர் விலையைக் குறைக்கிறது உங்க பிரஷ்ஷைப் பார்த்து இல்லை. அவர் மனசுல இருக்கிற சந்தேகத்துக்கு ஒரு தொகையைக் கழிச்சுக்கிறார். நல்ல விலை வேணும்னா அந்தச் சந்தேகத்தைத்தான் குறைக்கணும். விலையைக் குறைச்சா சந்தேகம் குறையாது. “இவ்வளவு கம்மியா கொடுக்கிறான்னா ஏதோ இருக்கு”ன்னு அது கூடத்தான் செய்யும்.

சந்தேகத்தை எப்படிக் குறைக்கிறது? பொய் சொல்றவனால சுலபமாச் செய்ய முடியாத காரியத்தைச் செய்யணும். மைக்கேல் ஸ்பென்ஸ் ஆராய்ஞ்சதும் சுருக்கமா இதைத்தான். ப்ரோ-பெயிண்டட்னு யார் வேணாலும் எழுதலாம். ஆனா முகத்தை மட்டும் நெருக்கமா எடுத்த ஒரு தெளிவான போட்டோவை மட்டமா பெயிண்ட் அடிச்சவன் போடவே மாட்டான். முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, மேலிருந்து ஒண்ணு, பேஸோட அடிப்பாகம் ஒண்ணு, முகம் தனியா ஒண்ணு. பிரைமர் அடிச்ச நிலையிலும் பாதி முடிஞ்ச நிலையிலும் எடுத்த படங்களையும் சேருங்க. அடுத்தவங்க போட்டோவைத் திருடிப் போடுறவங்ககிட்ட அந்தப் பாதி வேலைப் படம் இருக்காது. தேதியும் உங்க கடைப் பேரும் எழுதின துண்டுச் சீட்டைப் பக்கத்துல வெச்சு ஒரு படம் எடுத்தா இன்னும் நல்லது.

இதுக்குப் பெரிய கேமரா வேண்டாம். சாம்பல் நிற சார்ட் பேப்பரைச் சுவத்துல இருந்து மேஜை வரைக்கும் வளைச்சு ஒட்டுங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு டேபிள் லேம்ப், ஒரே மாதிரி பல்பு. நடுவுல டிராயிங் கிளாஸ்ல மிஞ்சின டிரேசிங் ஷீட்டை மறைப்பா நிறுத்தினா வெளிச்சம் மென்மையாயிடும். போனை எதுமேலயாவது சாய்ச்சு வெச்சு டைமர்ல எடுங்க. ஃபில்டர் வேண்டாம், பின்னணியை மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், அது வாள் நுனியையும் சேர்த்து மங்கலாக்கிடும். பளபளப்பா இருந்தா வெளிச்சம் அடிச்சு வேலைப்பாடு மறைஞ்சுடும், அதனால மேட் வார்னிஷ் அடிச்ச பிறகே எடுங்க. ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்துல, காத்துல ஈரம் அதிகமா இருக்கிற நாள்ல ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சா வெள்ளையாப் பூத்துப் போயிடும். அக்டோபர், நவம்பர்ல பிரஷ்ஷால பூசுற வார்னிஷ்தான் பத்திரம்.

அடுத்தது குறையைச் சொல்றது. “இடது தோள்ல ஒரு இடத்துல பெயிண்ட் லேசா உரிஞ்சிருக்கு, ஏழாவது படத்துல பாருங்க”ன்னு எழுதுறவர் மத்த விஷயத்துலயும் உண்மைதான் சொல்வார்னு வாங்குறவருக்கு ஒரு நம்பிக்கை வரும். டேபிள்டாப் தரமா டிஸ்ப்ளே தரமான்னும் நேரா எழுதுங்க. ஆட்டத்துல கை தூரத்துல இருந்து பார்த்தா நல்லா இருக்கிறது டேபிள்டாப், கண்ணாடி அலமாரியில வெச்சு உத்துப் பார்க்கிறது டிஸ்ப்ளே. இதுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது, அதனாலதான் படம் முக்கியம்.

பெயிண்ட் அடிச்சாலே மதிப்பு கூடிடும்னு நம்ம பசங்க நினைக்கிறாங்க. அப்படி இல்லை. டப்பா பிரிக்காத, சட்டத்துல இருந்து வெட்டாத பொம்மைக்குப் பல நேரத்துல சுமாரா பெயிண்ட் அடிச்ச அதே பொம்மையைவிட விலை அதிகம். சுமாரானதை வாங்குறவர் அந்தப் பெயிண்ட்டை ஆல்கஹால்ல ஊறவெச்சு உரிச்சுட்டு, தானே முதல்ல இருந்து ஆரம்பிக்கப் போறார். உங்க ஆறு மணி நேரம் அவருக்கு ஒரு கூடுதல் வேலை. அதனால முதல் அஞ்சாறு பொம்மைகளை விக்க வேண்டாம், வெச்சுக்கங்க, பழகுங்க. விக்கிற தரம் வந்த பிறகும் சாதாரணப் படைவீரன் ஒருத்தனைத் தனியா விக்காதீங்க. ஒரே வண்ணத்துல தீட்டின அஞ்சு பத்து பேர் கொண்ட அணியா விக்கலாம், இல்லைன்னா தளபதி மாதிரி ஒரே ஒரு முக்கியப் பாத்திரத்தை நல்லாத் தீட்டி விக்கலாம். படை வெச்சிருக்கிறவருக்கு ஒட்டாத ஒத்தை வீரனால என்ன பிரயோஜனம்?

விலையை எங்க பார்க்கிறது? லிஸ்டிங்ல கேட்டிருக்கிற விலையைப் பார்க்காதீங்க, அது கேக்குறவரோட ஆசை. ஈபேயில விற்றுப்போனதை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு. அதுல உங்க பொம்மையையே தேடி, உங்க தரத்துக்குப் பக்கத்துல இருக்கிற நாலஞ்சு விற்பனையை எடுத்துக்கங்க. ரொம்ப அதிகமானதையும் ரொம்பக் கம்மியானதையும் விட்டுட்டு நடுவுல ஒரு விலை போடுங்க. ஏலம் பரபரப்பா இருக்கும்தான். ஆனா ஒரு டாலர்ல ஆரம்பிக்கிற ஏலம் விலை ஏறணும்னா அந்தப் பொம்மையை விரும்புற ரெண்டு பேராவது அதே வாரத்துல வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா உங்க வேலை ஒரு டாலருக்குப் போயிடும். புதுசா விக்கிறவங்களுக்கு நிலையான விலைதான் நல்லது.

கட்டணத்தையும் வரியையும் முதல்லயே கணக்குல சேர்க்கணும். எட்சி 2022 ஏப்ரல்ல இருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் 6.5 சதவீதம் எடுக்குது. லிஸ்டிங்குக்கு 20 சென்ட், பணம் கைமாறுறதுக்கான கட்டணம் எல்லாம் தனி. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரைக்கும் வரியில்லாமப் போய்க்கிட்டிருந்த பார்சல்களுக்கு 2025 ஆகஸ்ட் 29ல இருந்து அந்தச் சலுகையை நிறுத்திட்டாங்க. அங்க இருக்கிறவர் பார்க்கிறது வரியும் ஷிப்பிங்கும் சேர்ந்த தொகையை. அனுப்புற நாள்ல என்ன விதி இருக்குன்னு பார்த்துட்டு விலையைப் போடுங்க. வெளிநாட்டுக்குத் தொடர்ந்து விக்கிறதா இருந்தா ஏற்றுமதி இறக்குமதி கோட் எண்ணும் வாங்கணும்.

இன்னொண்ணு, இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்வேன். லேப் பிரிண்டர்ல வேற கம்பெனியோட டிசைனைக் காப்பி எடுத்து, பெயிண்ட் அடிச்சு, ஒரிஜினல்னு விக்கிறது கைத்தொழில் இல்லை, திருட்டு. காசு கொடுத்து வாங்கின எஸ்டிஎல் ஃபைலா இருந்தாலும் பெரும்பாலானதுக்குச் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் அனுமதி. பிரிண்ட் எடுத்து விக்கத் தனியா வணிக உரிமம் வாங்கணும். ஒரு தடவை லிஸ்டிங் தூக்கப்பட்டு அக்கவுண்ட் முடங்கினா அதுவரைக்கும் சேர்த்த நல்ல பேரும் போயிடும்.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும். ஒண்ணு: “புதுசா வந்தவனை யார் நம்புவா? முதல்ல கம்மி விலைக்கு வித்து ரிவ்யூ சேர்க்க வேண்டாமா?” ரிவ்யூ வேணும்தான். ஆனா அதுக்குப் பெரிய வேலையைக் கம்மி விலைக்கு விக்க வேண்டியதில்லை, சின்ன வேலையைச் சரியான விலைக்கு வித்தாலே போதும். ஒரு மணி நேரத்துல முடியுற பேஸ், பீப்பாய், இடிஞ்ச சுவர் மாதிரி பொருட்களையும் வாங்க ஆள் இருக்கு. நல்லாப் பேக் பண்ணி உடையாம அனுப்பினா அதே அஞ்சு ஸ்டார்தான் வரும். ஆறு மணி நேர வேலையை 900க்கு வித்துப் பழக்கிட்டா, அடுத்த தடவை 1,800ன்னு சொல்லும்போது அதே ஆள், “போன மாசம் 900தானே?”ன்னு கேப்பார்.

ரெண்டாவது: “பொழுதுபோக்குக்குச் செய்யுறோம், இதுல போய் கணக்கா?” பொழுதுபோக்குன்னா நண்பனுக்குச் சும்மா கொடுங்க, அவன் காலம் முழுக்க மேஜையில வெச்சிருப்பான். ஆனா ஒரு தடவை விலைச்சீட்டு ஒட்டிட்டீங்கன்னா நீங்க சந்தைக்குள்ள வந்துட்டீங்க. அந்தச் சந்தையில இதையே தொழிலாச் செய்து வாடகை கட்டுறவங்களும் இருக்காங்க. அப்பா அனுப்புற பணத்துல மெஸ் பில் கட்டிக்கிட்டு நாம மணிக்கு 55 ரூபாய்க்கு விக்கும்போது அவங்க விலையையும் சேர்த்துத்தான் இறக்குறோம்.

நாலு வருஷம் முடிச்சு வெளிய போனதும் இதே கேள்வியை வேற உருவத்துல எதிர்கொள்ளப் போறோம். ஃப்ரீலான்ஸ் கோடிங்னாலும் சரி, வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறதுனாலும் சரி, “எவ்வளவு?”ன்னு ஒருத்தர் கேட்டதும் நம்ம வாயில முதல்ல வர்றது “உங்களுக்குத் தெரியாததா, பார்த்துப் போட்டுக் கொடுங்க.” அடுத்த பொம்மையை லிஸ்ட் பண்றதுக்கு முன்னால ஒரு பேப்பர்ல செலவையும் மணி நேரத்தையும் எழுதுங்க. பக்கத்துல, வித்துப்போன நாலு விலையை எழுதுங்க. ரெண்டுக்கும் ஒத்துப்போகுதுன்னா விலையைப் போடுங்க. ஒத்துப்போகலைன்னா விக்காதீங்க, அது உங்க மேஜையிலயே நிக்கட்டும்.