டம்ளர் ஏன் மிதக்குது?

ரொம்ப நாளா சொல்லணும்னு நெனைச்சிட்டிருந்த விஷயம் இது. முப்பரிமாண மாடல் செஞ்சு அதை ஒரு போட்டோ மேல உக்கார வைக்கற நம்ம மக்கள், உழைப்பைத் தப்பான இடத்துல கொட்டறாங்க. மாடலுக்கு மூணு வாரம், டெக்ஸ்ச்சருக்கு ரெண்டு வாரம், கடைசியில போட்டோவோட சேர்க்கறதுக்கு அரை மணி நேரம். பாக்கறவன் "என்னமோ ஒட்ட வச்ச மாதிரி இருக்கே"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டுப் போயிடறான். இத்தனைக்கும் மாடல்ல ஒரு குறையும் இருந்திருக்காது.

என் கட்சி இதுதான். ஒரு பொருள் அங்க நிஜமா இருக்குன்னு நம்ப வைக்கறது, சுத்தி இருக்கற இடத்துக்கு அது என்ன பண்ணுதுங்கறதுதான். அதை ஆல்ஃபா, நிழல், பிரதிபலிப்புன்னு மூணு லேயரா தனித்தனியா எடுக்கணும். மூணுக்கும் கணக்கு வேற வேற. "ஒப்பாசிட்டி"ங்கற ஒரே திருகாணியை வச்சு மூணையும் சரி பண்ணப் பாத்தா, பொருள் மிதக்கத்தான் செய்யும்.

உதாரணத்துக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். வழவழன்னு இருக்கற சிவப்பு ஆக்சைடு தரை, ஒரு பக்கம் ஜன்னல். அந்தத் தரையோட போட்டோ மேல, கம்ப்யூட்டர்ல செஞ்ச டம்ளரை வைக்கணும். அவ்வளவுதான் வேலை.

முதல்ல ஆல்ஃபா. ஒரு பிக்சல்ல பொருள் எவ்வளவு இடத்தை அடைச்சிருக்குங்கற எண் அது. 0ன்னா ஒண்ணுமில்ல, 1ன்னா முழுசா. டம்ளர் விளிம்புல பாதி டம்ளர், பாதி தரைன்னா 0.5. இதைப் படத்தோடயே நாலாவது சேனலா வச்சுக்கலாம்னு 1970களோட பிற்பகுதியில யோசிச்சவங்க, நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில இருந்த எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும். 1984ல லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இதுக்கு முழுக் கணக்கையும் எழுதி வெளியிட்டாங்க. நாலு பேருக்கும் சேர்த்து 1996ல ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது குடுத்துச்சு.

அவங்க சொன்னதுல முக்கியமானது: கலரை முன்கூட்டியே ஆல்ஃபாவால பெருக்கி வச்சுக்கோ. அப்புறம் சேர்க்கும்போது, முன்னாடி இருக்கற படம் கூட்டல், பின்னாடி இருக்கற படம் பெருக்கல் (1 கழித்தல் ஆல்ஃபா). முடிஞ்சது. இப்படிப் பெருக்கி வச்ச படத்தை, பெருக்காததுன்னு நெனைச்சு மென்பொருள் இன்னொரு தடவை பெருக்கினா, விளிம்புல 0.5 இருக்க வேண்டிய எடத்துல 0.25 ஆயிடும். டம்ளரைச் சுத்தி மை தீட்டின மாதிரி ஒரு கருப்புக் கோடு தெரியுதே, அது இதனாலதான். அதை அழிக்க பிளர் போடறதும் விளிம்பைச் சுரண்டறதும் காய்ச்சலுக்குத் தைலம் தேய்க்கற கதை.

அடுத்தது நிழல். நிழல்ங்கறது ஒரு கலர் கிடையாது, வெளிச்சம் குறைஞ்ச அளவு. அதனால தரை மேல அதைப் பெருக்கணும். சாம்பல் கலர் எடுத்து மேல பூசினா, சிவப்புத் தரையில திருநீறு கொட்டின மாதிரிதான் இருக்கும். பெருக்கினா சிவப்பு கருஞ்சிவப்பாகும், தரையோட கீறலும் கறையும் அப்படியே தெரியும். வெளியில வெயில்ல எடுத்த போட்டோன்னா இன்னும் கவனம் வேணும். சூரியனை மறைச்சாலும் வானத்தோட நீல வெளிச்சம் அங்க விழும். அதனால சிவப்பு சேனலை அதிகமாவும் நீலத்தைக் கம்மியாவும் குறைக்கணும்.

பல பேர் கோட்டை விடற எடம் ஒண்ணு இருக்கு. ஜன்னல் வழியா வெயில் வந்து, கம்பியோட நிழல் ஏற்கனவே தரையில விழுந்திருக்குன்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல டம்ளர் நிழலைப் பெருக்கினா, ரெண்டும் சேர்ற எடம் இன்னும் கருப்பாயிடும். நிஜத்துல அப்படி நடக்காது. கம்பி மறைச்ச வெயிலை டம்ளர் எப்படித் திரும்பவும் மறைக்கும்? அந்த எடத்துக்கு ஒரு மாஸ்க் போட்டு நிழலை விலக்கணும். டம்ளர் தரையைத் தொடற எடத்துல வர்ற மெல்லிசான இருட்டுக் கோட்டை மட்டும் விட்டுடாதீங்க. அது இல்லாட்டி டம்ளர் தரையில உக்காராது.

மூணாவது, பிரதிபலிப்பு. எவர்சில்வருக்குன்னு சொந்தமா பெருசா ஒரு நிறம் கிடையாது, சுத்தி இருக்கறதைத்தான் காட்டும். 1991ல வந்த டெர்மினேட்டர் 2 படத்துல அந்த உலோக மனுஷன் நம்பும்படியா இருந்ததுக்கு, அவன் உடம்புல சுத்துப்புறம் தெரிஞ்சதுதான் பெரிய காரணம். நம்ம டம்ளர்லயும் அந்தச் சிவப்புத் தரையும் ஜன்னலும் தெரியணும். தரையில டம்ளரோட சாயல் விழறது தனி லேயர். பிரதிபலிப்பு வெளிச்சம், அதனால அதைக் கூட்டணும்னு பாடம் சொல்லும். பாதிதான் சரி. அதே எடத்துல தரை இதுக்கு முன்னாடி ஜன்னலைக் காட்டிட்டிருந்தா, டம்ளர் குறுக்க வந்ததும் ஜன்னல் மறையணும். மறைக்காம சும்மா கூட்டினா, டம்ளர் சாயலுக்குள்ள ஜன்னல் ஆவி மாதிரி தெரியும். ஆக, பிரதிபலிப்புக்கும் ஒரு ஆல்ஃபா வேணும்.

இந்தக் கூட்டல் பெருக்கல் எல்லாம் நிஜமான ஒளி அளவுல நடக்கணும். சாதாரண படத்துல 255க்கு 128ன்னா பாதி வெளிச்சம்னு தோணும். உண்மையில அது சுமார் 22 சதவீதம்தான். லீனியருக்கு மாத்தாம கூட்டினா கணக்கு கோவிந்தா.

"இப்பல்லாம் ரெண்டரரே எல்லாத்தையும் சேர்த்துக் குடுக்குதே, எதுக்குப் பிரிக்கணும்?"னு கேப்பீங்க. மொத்த அறையையும் கம்ப்யூட்டர்ல கட்டியிருந்தா நியாயமான கேள்வி. பின்னணி போட்டோன்னா தரை நம்ம கையில இல்லையே. பிளெண்டர்லயே இதுக்குன்னு ஷேடோ கேட்சர் 2017ல வந்த 2.79ல இருந்து இருக்கு. இன்னொண்ணு, காசு. பத்து செகண்ட் விளம்பரம், 240 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 20 நிமிஷம்னா 80 மணி நேரம். எல்லாம் முடிஞ்ச ராத்திரி "நிழல் கொஞ்சம் தூக்கலா இருக்கு சார்"னு போன் வரும். லேயர் தனியா இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. இல்லன்னா திரும்பவும் 80 மணி நேரம்.

பிரிக்கறதுல ஆபத்தும் உண்டு. திருகாணி கையில கெடைச்சதும் தரையைக் கண்ணாடி ஆக்கிடுவோம் :) அதுக்கு நான் வச்சிருக்கற விதி: பிரிச்ச லேயர்களைச் சேர்த்தா ரெண்டர் பண்ண அதே படம் முதல்ல திரும்ப வரணும். அது வந்த பிறகுதான் எதையும் தொடறது.

கடைசியா ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, வேலைக்கு விலை சொல்றவங்களுக்கு. கொட்டேஷன்ல மாடலிங்குக்கு ஒரு வரி, ரெண்டரிங்குக்கு ஒரு வரி போட்டுட்டு கம்பாசிட்டிங்கை இலவச இணைப்பா குடுக்காதீங்க. படம் நிக்கறதும் விழறதும் அங்கதான். தனி வரி போட்டுத் தனியா காசு கேளுங்க. ரெண்டு, கத்துக்கறவங்களுக்கு. டுடோரியல் பாக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கற ஒரு டம்ளரைத் தரையில வச்சு ஒரு போட்டோ, கேமராவை அசைக்காம டம்ளரை எடுத்துட்டு இன்னொரு போட்டோ எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. டம்ளர் இருந்த எடத்தை விட்டுட்டு, தரையில என்னென்ன மாறியிருக்குன்னு எழுதி வைங்க. நீங்க செய்ய வேண்டிய லேயர் எல்லாம் அந்தப் பட்டியல்லயே இருக்கும்.