கடைசி பெஞ்ச் டீமுக்கு முதல் சாய்ஸ்!



போன வாரம் ஒரு காலேஜ் ஹாஸ்டல் டி.வி. ரூம்ல உட்கார்ந்து அரட்டை அடிச்சுட்டு இருந்தப்போ, ஃபைனல் இயர் தம்பி ஒருத்தர் கேட்டார்... ‘‘அண்ணா, அமெரிக்க ஃபுட்பால்ல ஐ.பி.எல். மாதிரி ஏலமே கிடையாதாமே? அப்புறம் எப்படி ஆளைப் புடிக்கிறாங்க?’’ பக்கத்துல இருந்தவர், ‘‘காலால உதைக்கிற ஃபுட்பாலா?’’ன்னு ஆரம்பிச்சார். அது இல்லீங்க. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை மாதிரி பந்தைக் கையில தூக்கிட்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து புரளுவாங்களே... அது!

அங்கே 32 டீம். சீஸன் முடிஞ்சதும் ஏப்ரல் மாசம் ‘டிராஃப்ட்’னு ஒரு திருவிழா. காலேஜ்ல ஆடி முடிச்ச பசங்களை ஒவ்வொரு டீமா வரிசையா கூப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும். நம்ம இன்ஜினீயரிங் கவுன்சிலிங் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா, அப்படியே உல்டா! கவுன்சிலிங்ல முதல் ரேங்க் வாங்கினவர்தான் முதல்ல உள்ளே போவார். அங்கே முந்தின சீஸன்ல படுமோசமா தோத்த டீமுக்குத்தான் முதல் சாய்ஸ். சாம்பியன் டீம் கடைசியில வந்து மிச்சம் மீதியைப் பொறுக்கிக்க வேண்டியதுதான். ஏழு ரவுண்டு. அந்த ஏழும் முடியறதுக்குள்ள ஒரு டீமோட தலையெழுத்தே மாறிடும்.

சும்மா சொல்லலை. 2006-ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டீமுக்கு நடந்த கதையைக் கேளுங்க. அந்த டீமோட, ஒரு ஊரே மாட்டிக்கிட்டு முழிச்ச கதை அது.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல். கரைகள் உடைஞ்சு நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல எண்பது சதவிகிதம் தண்ணிக்குள்ள. செயின்ட்ஸ் ஆடுற சூப்பர்டோம் ஸ்டேடியத்துலதான் இருபதாயிரத்துக்கும் மேலான ஜனங்க அடைக்கலம் புகுந்தாங்க. கரன்ட் இல்லை, ஏ.சி. இல்லை, கழிப்பறை வேலை செய்யலை, கூரை பிய்ஞ்சு மழை உள்ளே. அந்த நாட்கள்ல டி.வி-யில பார்த்தவங்களுக்கு அந்த ஸ்டேடியம் பேரைக் கேட்டாலே வயித்தைப் பிசையும்.

டீமுக்கு வீடே இல்லாமப் போச்சு. அந்த சீஸன்ல அவங்க ‘சொந்த மைதான’ ஆட்டங்கள் எட்டுல மூணை டெக்சாஸின் சான் அன்டோனியோவுல ஆடினாங்க. நாலு பேட்டன் ரூஜ்ல. மீதி ஒண்ணு எங்கே தெரியுமா? நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமோட மைதானத்துல, அதே ஜயன்ட்ஸுக்கு எதிரா! எதிராளி வீட்டு ஹால்ல உட்கார்ந்து ‘இது எங்க வீடு’ன்னு சொல்ற கதைதான். ரிசல்ட்? பதினாறு ஆட்டத்துல மூணே மூணு ஜெயிப்பு.

இதுல இன்னொரு கிலி வேற. ஓனர் டாம் பென்சன் டீமை மொத்தமா சான் அன்டோனியோவுக்கே கொண்டுபோயிடுவார்னு ஊர் முழுக்கப் பேச்சு. வீடு போய், வேலை போய் நிக்கிற ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைன்னு மிச்சம் இருந்ததே இந்த டீம்தான். அதுவும் போகப்போகுதுன்னா? லீக் கமிஷனர் பால் டாக்லியாபூ அதுக்கு வழிவிடலை. 2006-ல டீம் லூசியானாவுக்கே திரும்பும்னு முடிவாச்சு. சரி, திரும்பி வந்து என்ன பண்றது? டீம்ல ஆள் வேணுமே!

ஜனவரியில ஷான் பேட்டன் கோச்சா வந்தார். அதுக்கு முன்னாடி எங்கேயும் ஹெட் கோச்சா இருந்தது இல்லை. முதல் வேலை, ஒரு குவார்ட்டர்பேக்கைத் தேடினார். பந்தை எறியறவர். டீமுக்கே மூளை அவர்தான், அவர் சொதப்பினா மத்த பத்து பேரும் என்ன பண்ணியும் புண்ணியம் இல்லை.

அப்போ சந்தையில ரெண்டு பேர். ரெண்டு பேருமே அடிபட்டவங்க! ஒருத்தர் டான்டே கல்பெப்பர், முழங்கால் காலி. இன்னொருத்தர் ட்ரூ ப்ரீஸ். சான் டியாகோ டீம்ல இருந்தவர். 2005 சீஸனோட கடைசி ஆட்டத்துல பந்து எறியற வலது தோளே கிழிஞ்சுபோச்சு. அவர் இடத்துக்கு ஃபிலிப் ரிவர்ஸ்னு ஒரு இளைஞரை அந்த டீம் ஏற்கெனவே ரெடியா வெச்சிருந்ததால, ‘போயிட்டு வாங்க’ன்னுட்டாங்க. உயரமும் ஆறு அடிதான். அந்த ஊர் குவார்ட்டர்பேக்குகள் நடுவுல அது குள்ளம்!

மயாமி டால்ஃபின்ஸ், நியூ ஆர்லியன்ஸ்... ரெண்டும் ப்ரீஸைக் கூப்பிட்டன. மயாமி டாக்டர்கள் தோளைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டாங்க. மயாமி கல்பெப்பரை வாங்கிருச்சு. இந்தப் பக்கம் பேட்டன், ப்ரீஸையும் அவர் மனைவியையும் கார்ல ஏத்தி ஊர் சுத்திக்காட்டக் கிளம்பினார். பாதி ஊர் இடிபாடு. எதைக் காட்டறது, எதை மறைக்கிறது? மனுஷன் வழி வேற தப்பிட்டாராம்! பொண்ணு பார்க்க வந்த இடத்துல கரன்ட் போன மாதிரி சிச்சுவேஷன். ஆனாலும் மார்ச் 14-ம் தேதி ப்ரீஸ் கையெழுத்துப் போட்டார். ஆறு வருஷம், ஆறு கோடி டாலர்.

அடிபட்ட தோளுக்கு, இடிஞ்ச ஊர் கொடுத்த பணம் அது. அன்னிக்கு என்கிட்ட கேட்டிருந்தா, ‘வேணாம் சாமி’ன்னுதான் சொல்லியிருப்பேன்.

மயாமிக்குப் போன கல்பெப்பர் அந்த சீஸன்ல ஆடினது நாலே ஆட்டம். ப்ரீஸ்? 4,418 கெஜம் எறிஞ்சு அந்த வருஷம் லீக்லயே நம்பர் ஒன்!

அதே மார்ச்ல லீக் முழுக்க வேற ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருந்தது. பல பேர் இதைக் கவனிக்கிறதில்லை. ஆனா, எனக்கு டிராஃப்ட்டைவிட இதுதான் முக்கியம்னு தோணும். ஓனர்களுக்கும் ப்ளேயர்கள் சங்கத்துக்கும் இடையில ஒப்பந்தம். ஒவ்வொரு டீமும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தை நீட்டிக்கலைன்னா 2007-ல அந்த வரம்பே இருக்காது. பணக்கார டீம் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிடும். நியூ ஆர்லியன்ஸ் மாதிரி சின்ன ஊர் டீம் வேடிக்கை பார்க்கணும். ‘மோசமா தோத்தவனுக்கு முதல் சாய்ஸ்’னு டிராஃப்ட்ல கொடுக்கிற சலுகைக்கு அப்புறம் என்ன மதிப்பு?

பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, ப்ளேயர் மார்க்கெட் திறக்கிற தேதியே தள்ளிப்போச்சு. கடைசியா மார்ச் 8-ம் தேதி ஓனர்கள் ஓட்டுப் போட்டாங்க. 30-க்கு 2. சம்பள வரம்பு 10 கோடியே 20 லட்சம் டாலர் ஆச்சு. அதிக வருமானம் பார்க்கிற டீம்கள் மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொடுக்கணும்னும் ஏற்பாடு. எதிர்த்த ரெண்டு பேர் யாருங்கறீங்க? பஃபலோ, சின்சினாட்டி. ரெண்டுமே சின்ன ஊர் டீம்கள்தான்! (இந்தச் சமாதானமும் ரொம்ப நாள் ஓடலை. 2008-லயே ஓனர்கள் விலகறோம்னு சொல்லி, 2011-ல நாலு மாசத்துக்கும் மேல கதவடைப்பு வரைக்கும் போச்சு. அது தனிக் கதை.) ஒப்பந்தத்தை முடிச்ச கையோட டாக்லியாபூ ஓய்வு அறிவிக்க, ஆகஸ்ட்ல ரோஜர் கூடெல் அடுத்த கமிஷனரா தேர்வானார்.

இப்ப டிராஃப்ட்டுக்கு வருவோம். முதல் சாய்ஸ் ஹூஸ்டனுக்கு. ரெண்டே ஜெயிப்பு, அதனால! ரெண்டாவது சாய்ஸ் நம்ம செயின்ட்ஸுக்கு. அந்த வருஷம் எல்லார் வாயிலயும் ஒரே பேர்... ரெஜி புஷ். தென் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட ரன்னிங் பேக். பந்தோட ஓடினார்னா ஆட்டம் பார்க்கிறவனுக்கு மூச்சு வாங்கும். ஹூஸ்டன் அவரைத்தான் தூக்கும்னு ஊரே நம்பிச்சு. செயின்ட்ஸுக்கு டி’ப்ரிக்கஷா ஃபெர்குசன் மாதிரி, குவார்ட்டர்பேக்கைக் காவல் காக்கிற ஒரு ஆள் கிடைப்பார்னு பல பேர் கணிச்சு வெச்சிருந்தாங்க.

டிராஃப்ட்டுக்கு முந்தின ராத்திரி ஹூஸ்டன் குண்டு போட்டுச்சு. மாரியோ வில்லியம்ஸ்! டிஃபென்ஸ் ஆடுறவர். எதிராளி குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியறதுக்கு முன்னாடியே மடக்கி விழுத்தாட்டறதுதான் அவர் தொழில். ஹூஸ்டன் ரசிகர்கள் கொதிச்சாங்க. செயின்ட்ஸ் ஆபீஸ்ல? இருந்த பிளான் எல்லாம் ஓரமா போச்சு.

இங்கதான் ஒவ்வொரு டீமும் வருஷா வருஷம் மண்டையை உடைச்சுக்கிற கேள்வி. தேவையான ஆளை எடுக்கறதா, திறமையான ஆளை எடுக்கறதா? செயின்ட்ஸ்ல ஏற்கெனவே ட்யூஸ் மெக்காலிஸ்டர்னு சூப்பரான ரன்னிங் பேக் இருந்தார். ஓட்டை எல்லாம் டிஃபென்ஸ்லயும், முன்வரிசையிலயும். வீட்டுல கூரை ஒழுகறப்போ ஹோம் தியேட்டர் வாங்கற மாதிரிதான் இது! ஆனா, பேட்டன் யோசிக்கவே இல்லை. புஷ்தான்.

சரியா, தப்பா? இன்னிக்கு வரைக்கும் இதை வெச்சு விடிய விடிய சண்டை போடலாம். புஷ் முதல் வருஷத்துலயே 88 கேட்ச். அப்போ அது ரன்னிங் பேக் புதுமுகங்கள்ல ரெக்கார்டு. ஆனா, ஊர் எதிர்பார்த்த அளவுக்கு அவர் அப்புறம் வளரலை. 2011-ல மயாமிக்குக் கொடுத்துட்டாங்க. கேலி பண்ணப்பட்ட வில்லியம்ஸ் 2007-ல மட்டும் 14 தடவை குவார்ட்டர்பேக்குகளை மண்ணைக் கவ்வ வெச்சார். என் ஓட்டு? ஆட்டக்கணக்குல ஹூஸ்டனுக்கு. ஆனா, அந்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் ஜனங்க வரிசையில நின்னு டிக்கெட் வாங்கினதுக்கு புஷ்ஷும் ஒரு காரணம். டீம் வரலாற்றுலயே முதல்முறையா சீஸன் டிக்கெட் மொத்தமும் காலி! அதை எந்தக் கணக்குல எழுதறது?

ரெண்டாவது ரவுண்டுல செயின்ட்ஸ் கொஞ்சம் பின்வரிசைக்குத் தள்ளிப் போக சம்மதிச்சு, அதுக்கு ஈடா க்ளீவ்லாந்துகிட்ட இருந்து ஜெஃப் ஃபெய்ன்ங்கற முன்வரிசை வீரரையும் வாங்கிக்கிட்டு, ரோமன் ஹார்ப்பரை எடுத்தாங்க. கூரை ஒழுகலை மறக்கலைப்பா! அதுக்கு அப்புறம் நடந்ததுதான் செம மேட்டர். டி.வி. பார்க்கிறவங்க எல்லாம் எழுந்து போன பிறகு.

நாலாவது ரவுண்டு, 108-வது ஆள்: ஜாரி எவன்ஸ். ப்ளூம்ஸ்பர்க்னு பென்சில்வேனியாவுல ஒரு சின்ன காலேஜ். ஸ்கூல் கடைசி வருஷம் காயத்தால ஆட முடியாம, பெரிய காலேஜ் எதுவும் கூப்பிடாம, படிப்புக்கான ஸ்காலர்ஷிப்ல போய்ச் சேர்ந்தவர். பின்னாடி அவர் இடத்துல லீக்லயே பெஸ்ட்னு நாலு தடவை ஆல்-புரோ. ஏழாவது ரவுண்டு, 252-வது ஆள்: மார்கஸ் கோல்ஸ்டன். அந்த வருஷம் மொத்தம் எடுத்ததே 255 பேர்! நியூயார்க் பக்கம் ஹாஃப்ஸ்ட்ரா யுனிவர்சிட்டி. ஆகஸ்ட்ல சீனியர் ஒருத்தரை செயின்ட்ஸ் வேற டீமுக்கு அனுப்பினதும் இடம் காலியாச்சு. தம்பி உள்ளே புகுந்தார். முதல் சீஸன்லயே 70 கேட்ச், 1,038 கெஜம்.

செப்டம்பர் 25, 2006. பழுது பார்த்த சூப்பர்டோம் திறந்த ராத்திரி. எதிர்ல அட்லான்டா. ஆட்டம் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அட்லான்டா உதைச்ச பந்தை ஸ்டீவ் க்ளீஸன் பாய்ஞ்சு தடுக்க, அது அப்படியே டச்டவுன்! அந்த க்ளீஸனை 2000 டிராஃப்ட்ல எந்த டீமுமே எடுக்கலைங்கறது இன்னொரு கூத்து. அவர் பாய்ஞ்ச அந்த நொடி, இப்போ ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையா நிக்குது. 23-3 ஜெயிப்பு. சீஸன் முடிவுல பத்து வெற்றி. சாம்பியன்ஷிப்புக்கு ஒரு படி முன்னாடி சிகாகோவுல தோத்தாங்க. அதுக்கு முந்தின 39 வருஷத்துல அந்த டீம் அவ்வளவு தூரம் போனதே இல்லை.

2010 பிப்ரவரி 7-ம் தேதி, மயாமியில சூப்பர் பௌல். ஆமா... ப்ரீஸோட தோளைப் பார்த்து வேணாம்னு சொன்ன அதே மயாமி! இண்டியானாபோலிஸை 31-17-னு சாய்ச்சு கப்பைத் தூக்கினாங்க. ஆட்ட நாயகன் ப்ரீஸ். கோல்ஸ்டனுக்கு ஏழு கேட்ச். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஹாஃப்ஸ்ட்ரா யுனிவர்சிட்டி, செலவு கட்டுப்படியாகலைன்னு ஃபுட்பால் டீமையே மொத்தமா இழுத்து மூடியிருந்தது.