மருத்துவர் மலையில் தங்க என்ன வேண்டும்?

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1980-களின் தொடக்கத்தில் பணியேற்றேன். எனக்கு முன்பிருந்த மருத்துவரின் மேசை இழுப்பறையில் அவர் எழுதிய இடமாறுதல் விண்ணப்பத்தின் நகல் ஒன்று கிடந்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, அதே இழுப்பறையில் என்னுடைய நகலையும் வைத்துவிட்டு மலையிறங்கினேன். மனைவிக்கு மதுரையில் ஆசிரியப் பணி. மகளுக்குப் பள்ளியில் சேரும் வயது. நோயாளிகளின் மீதிருந்த பற்று குறையவில்லை. ஆனால், குடும்பத்தை இரண்டு ஊர்களில் வைத்துக்கொண்டு வாழ முடியவில்லை.

பின்னர் இங்கிலாந்து சென்றேன். அங்கும் ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவமனை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில். மகள் பத்து வயதுக்குள் ஐந்து பள்ளிகள் மாறினாள். என் தாயார் மறைந்தபோது விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தொழிலில் நான் வளர்ந்தேன் என்பது உண்மை. அந்த வளர்ச்சிக்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தவர்கள் என்பதும் உண்மை.

புலம்பெயரும் மருத்துவரின் இந்தச் சிக்கல் நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று. கொடைக்கானல் நகரமே இதற்குச் சான்று. மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தினரைப் பலிகொடுத்த பின்னரே, 1845-இல் இந்த மலையில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். 1901-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது; இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதுவே. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டிய நிலைக்கு, மலையில் ஒரு பள்ளி மாற்று வழியைத் தந்தது.

அந்த வழி கிட்டாதவர்களின் கதை கடினமானது. வேலூர் சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர், 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் பேத்தி. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் பணிபுரிய, அமெரிக்காவில் உறவினர் வீட்டில் வளர நேர்ந்த பிள்ளை அவர். தானே மருத்துவரான பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1960-இல் அவர் உயிர் பிரிந்தது கொடைக்கானலில் இருந்த அவருடைய இல்லத்தில்தான். தொழுநோயாளிகளின் கைகளுக்கு மறுவாழ்வு தந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மகன் அவரை மீண்டும் காணவேயில்லை.

இவர்களுடைய தியாகத்தை நாம் போற்றுகிறோம்; போற்றத்தான் வேண்டும். ஆனால், தியாகத்தை அடித்தளமாக வைத்து ஒரு சுகாதாரத் துறையை நடத்த முடியாது.

அமெரிக்காவின் அனுபவத்தைப் பாருங்கள். உள்நாட்டு மருத்துவர்கள் போக மறுக்கும் ஊர்களுக்கு அந்நாடு அயல்நாட்டு மருத்துவர்களை அனுப்புகிறது. ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரிந்தால், தாய்நாட்டில் இரண்டாண்டு தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30 இடங்கள். அங்கே வேரூன்றிய பிறகும் இந்தியர்களின் நிரந்தரக் குடியுரிமை வரிசை பல பத்தாண்டு நீளமுடையது. பெற்றோரின் விசாவை ஒட்டியிருக்கும் பிள்ளை 21 வயதானதும் அந்த உரிமையை இழக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது, மருத்துவர்களுக்கு விலக்கு வேண்டுமென்று அந்நாட்டு மருத்துவர் சங்கங்களே கோரின. சிற்றூர்களின் மருத்துவமனைகள் யாரை நம்பி நடக்கின்றன என்பது அவற்றுக்குத் தெரியும்.

நம் மாநிலத்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் ஊக்க மதிப்பெண் கிடைக்கிறது. அரசுப் பணியிலிருப்போருக்கு இடங்களை ஒதுக்கும் மாநிலத்தின் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. இது நல்ல ஏற்பாடு. இதனால்தான் மலைக்கு இளம் மருத்துவர்கள் வருகிறார்கள். ஆனால், மதிப்பெண் மருத்துவரை வரவழைக்கும், தங்கவைக்காது. முதுநிலை இடம் கிடைத்ததும் அவர் இறங்கிவிடுகிறார். மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் ஆன பிறகு அவர் மலையேறுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

அந்த இழப்பை மலை மக்கள் சுமக்கிறார்கள். மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பெரியகுளம் பக்கச் சரிவில் டோலியில் தூக்கி வந்தார்கள். அதே பக்கத்து வெள்ளகவியிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிச் சென்ற செய்திகளை அண்மை ஆண்டுகளிலும் வாசித்தோம். சிக்கலான பிரசவம் என்றால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தைத் தாயின் உடல் தாங்குமா என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கோருபவை அல்ல. மருத்துவரைத் தனியாளாக அல்லாமல் குடும்பமாகக் கருதிப் பணியமர்த்த வேண்டும். கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் ஒரே வட்டாரத்தில் இடம் தர வேண்டும். ஒழுகாத குடியிருப்பைக் கொடைக்கானலில், நல்ல பள்ளிக்கு அருகில் கட்டி, அங்கிருந்து சுற்றுமுறையில் மலையூர்களுக்கு அனுப்பலாம். எத்தனை ஆண்டு பணி, அதன்பின் எந்த ஊர் என்பதை ஆணையிலேயே எழுதித் தர வேண்டும். முடிவு தெரியாத பணியிலிருந்துதான் மனிதர்கள் ஓடுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மலைப் பிள்ளைகள் இடம்பெற, தனிப் பயிற்சியும் வேண்டும். வீடும் உறவும் இங்கேயே உள்ளவருக்கு மலை அயலூர் அல்ல.

அன்று அமெரிக்கர்கள் தங்கள் குடும்பங்களுக்காக இந்த மலையில் ஒரு வீட்டையும் பள்ளியையும் கட்டிக்கொண்டார்கள். நம் மருத்துவர்களுக்காக அவற்றைக் கட்டித் தருவது நம் அரசின் கடமை. அதைச் செய்துவிட்டு, பிறகு இளம் மருத்துவரின் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசலாம்.