குதிரைக்குத் திமிரா, சேணம் கோணலா?

"இந்தக் குதிரைக்குத் திமிர் ஜாஸ்தி."

குதிரையேற்ற உலகத்தில் இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் கிடையாது என்பது என் கட்சி. சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதை மடக்குகிறது, வயிற்றுப் பட்டையை இறுக்கினால் கடிக்க வருகிறது, திரும்பச் சொன்னால் முதுகை விறைத்துக்கொண்டு வாலைச் சுழற்றுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? கடிவாளத்தை மாற்று, மூக்குப் பட்டையை இறுக்கு, குதிமுள்ளைப் போடு! சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

நான் பேசுவது டிரஸ்ஸாஜ் பற்றி. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணி தங்கம் வாங்கிய பிறகுதான் நம்மில் பலர் கேள்விப்பட்ட விளையாட்டு. பார்க்கக் குதிரை நடனம் மாதிரி இருக்கும். இதற்கென்று தனிச் சேணம்: ஆழமான இருக்கை, காலோடு நேராகக் கீழே இறங்கும் நீளமான தோல் மடல். ஓட்டுபவர் பெரும்பாலும் எழும்பாமல் அழுத்தி உட்கார்ந்தே இருப்பார். அதாவது முழு எடையும் திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் விழும். அதனால் சேணத்தில் கோளாறு இருந்தால் குதிரைக்குத் தப்பிக்க வழியே இல்லை.

கடையில் என்ன நடக்கிறது? ஏறி உட்கார்ந்து "ஆஹா, சோஃபா மாதிரி இருக்கு" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். சோஃபா யார் முதுகில் என்பதுதான் சார் கேள்வி!

கொஞ்சம் உடற்கூறு. குதிரைக்கு நமக்கு இருப்பது போலக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு தசைகளால்தான் கட்டப்பட்டிருக்கின்றன. காலை முன்னே நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னால் நகரும். சேணம் அங்கே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இடி. "காலை நன்றாக நீட்டி வை" என்று நாம் கேட்பதும் அந்தக் குதிரையிடம்தான்.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். சமதரையில் குதிரையை நேராக நிறுத்தி, அடியில் துணி இல்லாமல் சேணத்தை வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் நகர்த்தினால் தானாக ஓரிடத்தில் நிற்கும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் நிற்கிறதா? பிடரி முடிகிற இடத்தில் உள்ள மேட்டுக்கும் (விதர்ஸ்) சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆள் ஏறிய பிறகும் அந்த இடைவெளி அடைபடக் கூடாது. பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். முதுகெலும்புக்கு மேலே நடுக்கால்வாய் முழுக்க வெளிச்சம் தெரிய வேண்டும். இருக்கையின் மிக ஆழமான இடம் நடுவில் இருக்க வேண்டும். குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் எடையைப் போடக் கூடாது.

முக்கியமானது இது. பஞ்சு அடைத்த பேனலுக்கு அடியில் உள்ளங்கையை விட்டு முன்னிருந்து பின்வரை நகர்த்துங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் காலியாகவும் இரு முனைகளில் இறுக்கமாகவும் இருந்தால் சேணம் பாலம் மாதிரி நிற்கிறது என்று அர்த்தம். மொத்த எடையும் நான்கு மூலைகளில். ஓட்டி முடித்ததும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்வை, நடுவில் மட்டும் காய்ந்த திட்டு என்றால் அங்கே அழுத்தம் அதிகம், அல்லது சேணம் படவே இல்லை. சேணம் இருக்கும் இடத்தில் புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய காயத்தின் சாட்சி அது.

"தடிமனான பேட் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டுப் பாருங்கள், தெரியும். "அகலத்தை மாற்றிக்கொள்ளும் சேணம்" என்பார்கள். மாறுவது முன்பக்க அகலம் மட்டும்தான். முதுகின் வளைவுக்கு அது என்ன செய்யும்? "போன வருஷம் ஃபிட்டர் பார்த்துச் சரி சொன்னார்" என்பார்கள். ஃபிட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சியில் தசை ஏறும், ஓய்வில் இறங்கும், தீவனத்துக்கு ஏற்ப உடம்பு மாறும். போன வருஷத்து முதுகு இப்போது அங்கே இல்லை.

2018ல் சூ டைசன் குழுவினர், ஆள் ஏறியிருக்கும் குதிரை வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காது மடக்குவதும் வால் சுழற்றுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் திமிர் என்று பெயர் வைத்த அதே விஷயங்கள்! வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதற்கு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆனால் காசில்லாமல் நம் கையாலேயே பார்க்கக்கூடியது சேணம்தானே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நிஜமாகவே கூடம் கோணல். ஆடுகிற ஜீவனுக்கு அதைச் சொல்ல வாய் இல்லை. அது முடிந்த வரைக்கும் காதாலும் வாலாலும் சொல்கிறது. அதற்கும் நாம் சாட்டையை எடுத்தால், திமிர் யாருக்கு?