சொல்லுக்கு மதிப்பு எதனால்?

பொருள் குறித்து நிற்பதே சொல் என்பது தமிழிலக்கண மரபு. ஆயின், பொருளை ஒதுக்கிவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணிச் சொல்லை மதிப்பிடும் விளையாட்டொன்று உலகெங்கும் ஆடப்பட்டு வருகிறது. 'ஸ்கிராபிள்' எனப்படும் ஆங்கிலச் சொல்லாட்டமே அது. நம் மாணவச் செல்வங்களும் இதனையும் இதனையொத்த ஆட்டங்களையும் கைப்பேசியில் ஆடிக் களிக்கின்றனர். எனவே, இவ்வாட்டத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் சிறிது சிந்திப்பது பொருத்தமே.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்திருந்த காலத்தில் உருவாக்கிய ஆட்டம் இது. 1948-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பதினைந்துக்குப் பதினைந்து கட்டங்கள், 100 வில்லைகள். அடிக்கடி வரும் 'ஏ', 'ஈ' போன்ற எழுத்துகளுக்கு ஒரு புள்ளி. அருகி வரும் 'கியூ', 'இஸட்' ஆகியவற்றிற்குப் பத்துப் புள்ளிகள். ஆகவே, யாரும் அறியாத அரிய சொற்களை மனப்பாடம் செய்தவரே இவ்வாட்டத்தில் வெல்வர்.

ஆங்கிலத்தில் 'கியூ' வந்தால் அதன்பின் 'யூ' வருவது பெருவழக்கு. 'யூ' கைக்கு வராதபோது ஆட்டக்காரர் திகைத்து நிற்பார். அப்பொழுது அவருக்குக் கைகொடுப்பன பெரும்பாலும் அரபி மொழியிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்களே. அரபியின் 'காஃப்' எழுத்தை ஆங்கிலத்தார் 'கியூ'வால் எழுதுவதே இதற்குக் காரணம். காஜி, கிப்லா, ஃபகீர், வக்ஃப் ஆகியன பிரிட்டிஷ் போட்டிச் சொற்பட்டியலில் இடம்பெற்றவை. ஆட்டக்காரருக்கு இவை அபூர்வச் சொற்கள். நம் பெரியோர்களுக்கோ அன்றாடச் சொற்கள். 'வக்ஃப்' என்பது ஆட்டக்கட்டத்தில் 19 புள்ளி பெறும் நான்கெழுத்து. ஆனால், தம் சொத்தை இறைவனுக்கென நிலையாக ஒதுக்கிவிட்ட ஒருவரின் ஈகையன்றோ அச்சொல்லின் பொருள்! அதனைப் புள்ளியால் அளக்க இயலுமா?

அப்பட்டியலிலுள்ள இன்னொரு சொல் 'கனாத்'. வறண்ட பாரசீக நாட்டில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மெல்லிய சரிவுடைய சுரங்க வாய்க்கால் வழியே, ஏற்றமோ கவலையோ இன்றி ஊருக்குக் கொணரும் அமைப்புக்கு அப்பெயர். அத்தகைய 11 கனாத்துகளை யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மழையை எதிர்நோக்கி வானம் பார்த்திருக்கும் திருச்சுழிச் சீமையினராகிய நாம் அச்சொல்லின் அருமையை உணர்வோம். அதை ஐந்தெழுத்தாக மட்டுமே அறிந்தவர் எங்ஙனம் உணர்வார்?

தமிழும் ஆங்கிலத்திற்குச் சொல் வழங்கிய மொழியே. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. வெட்டிவேர் 'வெட்டிவர்' ஆயிற்று. அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. யூல், பர்னல் எனும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, 'கலிங்குலா' என்றொரு சொல்லைத் தருகிறது. கண்மாய் நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் கலிங்கலே அது. நம் ஊர்ப்புறத்தார் நாவில் 'கலுங்கு'. அந்நியர் தம் பாசன அறிக்கைகளில் எழுதிவைத்த இச்சொல்லை, கலுங்கினருகே பிறந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

நினைவாற்றலை நாம் பழிக்கவில்லை. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே அம்மொழிச் சொற்பட்டியலை ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் மனனம் செய்து, 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். வியத்தகு ஆற்றல், ஐயமில்லை. ஆயினும், அச்சொற்களைக் கொண்டு ஒரு பிரெஞ்சு உழவரிடம் நலம் விசாரிக்கவோ, ஒரு நெசவாளரின் துயரைக் கேட்டறியவோ அவரால் இயலாது. விளையாட்டில் இது குறையன்று. கல்வியும் இவ்வாறாகிவிடின் அது பெருங்குறை. தேர்வுக்கென ஆங்கிலச் சொற்களையும் அவற்றின் ஒருவரிப் பொருளையும் உருப்போட்டுத் தேறி வரும் இளைஞர், தம் பாட்டனார் பேசும் சொல்லைக் கேட்டு விழிக்கின்ற நிலை இன்று வளர்ந்து வருகிறது. இதுவே நம் கவலை.

'குடிமராமத்து' என்னும் சொல்லை எண்ணிப் பார்ப்போம். 'குடி' தமிழ், 'மராமத்து' அரபி. ஊர்க்குடிகள் ஒன்றுகூடிக் கண்மாயைச் செப்பனிடும் மரபு, இவ்விரு மொழியும் கைகோத்த ஒரு சொல்லில் வாழ்கிறது. 1858-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் இவ்வுழைப்பைக் கட்டாயமாக்கியது. 2017-இல் தமிழக அரசு இதே பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அறுவடையில் கிட்டும் 'மகசூல்' அரபியே. மூலப்பத்திரத்தின் 'அசல்', 'நகல்' என்பனவும் அரபியே. நம் கரிசல் மண்ணின் எட்டயபுரத்து உமறுப்புலவர் பாடிய காப்பியத்தின் பெயரோ 'சீறாப்புராணம்'. 'சீறா' அரபிவழிச் சொல், 'புராணம்' வடமொழிவழிச் சொல், காப்பியமோ செந்தமிழ். சமயம் கடந்து மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்த வரலாற்றை இச்சொற்கள் சான்றாய் நின்று உரைக்கின்றன. பொருளை மறப்பவர் இவ்வரலாற்றையும் மறப்பர்.

கரிசல் மண்ணின் மற்றொரு மைந்தர் கி. ராஜநாராயணன், தம் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாகத் தந்தார். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அருப்புக்கோட்டைத் தறிமேடையில் பாவு, ஊடை, தார், விழுது, நாடா எனச் சொற்கள் புழங்கின. விசைத்தறி வந்தபின் கைத்தறி குறைந்தது. கைத்தறியோடு அதன் சொற்களும் குறைகின்றன. மடையும் மறுகாலும் தூர்ந்த ஊர்களில் அச்சொற்களும் தூர்ந்துபோகும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து இதுவே. தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊர் முதியோரிடம் பத்துச் சொற்களைக் கேட்டெழுதி வரட்டும். சொல்லொடு அதன் பொருள், அது குறிக்கும் கருவி அல்லது இடம், அதனைப் பயன்படுத்தும் தொழில் ஆகியவற்றையும் குறித்து வரட்டும். உழவர், நெசவாளர், பள்ளிவாசல் பெரியவர், வீட்டுப் பாட்டிமார் என அனைவரும் இப்பணியில் ஆசிரியர்களே. அவ்வாறு திரளும் சொற்கள் ஆண்டுதோறும் இம்மலரில் இடம்பெறுமாயின், சில ஆண்டுகளில் நம் சீமைக்கென ஓர் அகராதி உருவாகும்.

ஆங்கிலச் சொல்லாட்டத்தையும் ஆடுக. அரிய சொற்களையும் கற்க. எந்தச் சொல்லைக் கற்பினும், அது எந்த மண்ணில் பிறந்தது, யாருடைய வாழ்வைச் சுமந்து வந்தது என்று கேட்டறிந்து கற்க. ஆட்டம் முடிந்ததும் வில்லைகள் பையினுள் திரும்பிவிடும். பொருளுணர்ந்து கற்ற சொல்லோ கற்றவருடன் நின்று, அவருக்குப் பின்வரும் தலைமுறைக்கும் பயன் தரும்.