சொல்லை விற்றவர் கடமை

வங்கியின் உத்தரவாதம் என்பது காசுக்கு விற்கப்படும் சொல்லாகும். ஒப்பந்தக்காரர் பணியை முடிக்கத் தவறினால், கேட்ட மாத்திரத்தில், மறுப்பேதும் கூறாமல் இத்தொகையைத் தருவோம் என வங்கி எழுதிக் கொடுக்கின்றது. அதற்கெனக் கட்டணமும் பெற்றுக்கொள்கின்றது. கேட்கும் நாள் வந்ததும் சில வங்கிகளுக்குத் திடீரென நீதியுணர்ச்சி பிறந்துவிடுகின்றது! "எங்கள் வாடிக்கையாளர்மீது தவறில்லையாமே" என்று இழுக்கின்றன. தவறு யார்மீது என்று ஆராய வங்கியை அழைத்தவர் யார்? நிபந்தனையற்றது என்னும் சொல்லுக்கு வங்கியின் அகராதியில் வேறு பொருள் உண்டோ?

இந்தியாவின் நிலையைப் பார்ப்போம். அங்கே சட்டம் ஐயத்திற்கு இடமின்றியே இருக்கின்றது. வனஸ்பதி ஆலை ஒன்றை அமைக்கும் ஒப்பந்தத்தில் பூசல் எழுந்தபோது, உத்தரப் பிரதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு உத்தரவாதத் தொகையைக் கோர, உயர்நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. அப்பட்டமான மோசடி, பின்னர் ஈடுசெய்யவே இயலாத அநீதி ஆகிய அரிய நிலைகளிலன்றி நீதிமன்றம் குறுக்கே நிற்றல் தகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ரிசர்வ் வங்கியும் வாளாவிருக்கவில்லை. நீதிமன்றத் தடை இல்லாதபோது தாமதமின்றிச் செலுத்துக. தாமதம் உத்தரவாதத்தின் மதிப்பையே அரித்துவிடும். அரசுத் துறைகளின் புகார்களுக்கு வங்கியின் தலைமை நிர்வாகியே நேர்ப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்றெல்லாம் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அறிவுறுத்திற்று. நல்ல சொற்களே. ஆயினும், அரசுத் துறைக்குக் காட்டும் இப்பரிவு சிறு வணிகருக்கும் உரியதன்றோ?

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அபராதம் விதிக்கும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்கு அளித்துள்ளது. அவ்வபராதமோ ஏமாந்தவர் கைக்கு வருவதில்லை. அவர் வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க வேண்டியதுதான். அதுவரை அப்பணம் வங்கியிடமே வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். பெரிய வங்கிக்கு அபராதம் என்பது செலவுக் கணக்கில் இன்னொரு வரி, அவ்வளவே.

ஆதலால் தண்டம், மறுப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டவரைத் தொடுதல் வேண்டும். தாமதித்த நாள்களுக்கான வட்டி, வழக்கின்றியே, காத்திருந்தவரைச் சேருதல் வேண்டும். மீண்டும் மீண்டும் மறுக்கும் வங்கி, புதிய உத்தரவாதம் எழுதும் உரிமையைச் சில காலமேனும் இழத்தல் வேண்டும்.

இவ்வளவு கடுமை நேர்மையான வாடிக்கையாளரையும் வதைக்கும் என்பார் உளர். மோசடி நடந்திருப்பின் தடையாணை கேட்க அவருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. அந்த ஆணை வரும்வரை, வங்கி எழுதிக் கொடுத்ததைக் கொடுக்கட்டும்.