லூடோவில் மஞ்சள் யாருடைய நிறம்?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதப் பலகை என்று வரிசையாகப் படங்கள். கீழே, செல்போன் வந்து குடும்பம் கூடி விளையாடியதெல்லாம் போய்விட்டது என்கிற மாதிரி ஒரு புலம்பல். தென்காசியில் என் உறவுக்காரர்களே இதை எனக்கு அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டு அதே போனில் லூடோ ஆடப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பழம்பெருமைப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

தாயம் ஆடக் காசு பணம் தேவையில்லை. கரித்துண்டால் தரையில் கட்டம் கீறிக்கொள்ளலாம். ஒரு பக்கம் உரசிய புளியமுத்து நாலு இருந்தால் போதும். உடைந்த வளையல் துண்டும் வேப்பங்குச்சியும் காய்களாகிவிடும். எங்கள் ஆச்சி காலனி வீட்டின் சிமெண்ட் தரையில் ஆடினார். அதே தாயத்தை மேலத்தெருத் திண்ணைகளிலும் ஆடினார்கள். விதியும் ஒன்றுதான், வெட்டும் பழமும் ஒன்றுதான். ஆனால் மேலத்தெருக்காரர் ஒருவரின் காயை ஆச்சி தன் ஆயுளில் ஒருமுறைகூட வெட்டியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால்தானே வெட்ட முடியும்? பலகை விளையாட்டு என்றால் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். ஒருவர் தொட்ட கட்டையை இன்னொருவர் கையில் வாங்க வேண்டும். தோற்றவரை முகத்துக்கு நேராகக் கேலி செய்ய வேண்டும். இந்த மூன்றையுமே ஊர் அனுமதிக்காது.

‘குடும்ப விளையாட்டு’ என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பேன். அகமணமுறைதான் சாதியின் சாரம் என்று புரட்சியாளர் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். நம் ஊரில் குடும்பம் என்பது அந்த வட்டத்துக்குள்தான் அடங்குகிறது. குடும்பத்தோடு மட்டும் ஆடுவது என்றால் சாதிக்குள் மட்டும் ஆடுவது என்றுதான் பொருள்.

பரமபதம் இன்னும் வெளிப்படையானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படும் அந்தப் பலகை கர்மவினைக்கு வரைந்த வரைபடம். கீழ்க் கட்டங்களில் தாழ்ந்த பிறவிகள், உச்சியில் வைகுண்டம். பாவம் செய்தால் பாம்பு விழுங்கும், புண்ணியம் செய்தால் ஏணி ஏற்றிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், அந்தக் காலத்துக் கிறித்துவ ஒழுக்கப் பாடங்களைச் சுமந்து, பிறகு அதையும் உதிர்த்துவிட்டு, 1 முதல் 100 வரை வெறும் எண்களாக நம் போனுக்குத் திரும்பி வந்திருக்கிறது. 1920இல் மூக்நாயக் இதழின் முதல் தலையங்கத்தில் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத அடுக்குமாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். ‘பரமபதத்தில்தான் ஏணி இருக்கிறதே’ என்று யாராவது கேட்கலாம். அந்த ஏணி இந்தப் பிறவிக்கும் அடுத்த பிறவிக்கும் இடையில் சாத்திவைத்தது. இந்தப் பிறவியில் பொறுமையாக இரு என்று சொல்லத்தான் அது. செல்போன் திரையில் அந்தப் பெயர்களெல்லாம் அழிந்து, பாம்பு பாம்பாகவும் ஏணி ஏணியாகவும் மட்டும் இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

லூடோவின் கதையும் ஏறக்குறைய இதுதான். பச்சீசியைச் சுருக்கி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். 2016இல் மும்பைப் பக்கமிருந்து வெளிவந்த லூடோ கிங் செயலி, 2020 ஊரடங்கில் வீடுவீடாக நுழைந்தது. (காசு கட்டி ஆடும் லூடோ வேறு கதை. அதற்கு 2025இல் ஒன்றிய அரசு தனிச் சட்டமே போட்டது. நான் இங்கே பேசுவது இலவச லூடோ.)

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்காசியைச் சுற்றியுள்ள பீடி சுற்றும் ஊர்களில் கொஞ்ச காலம் அலைந்தேன். மடியில் பீடித்தட்டு, பக்கத்தில் சுவரில் சாய்த்துவைத்த போன். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள் என்பதால் சுண்டுவிரல் முட்டியால் திரையைத் தட்டி ஆடும் பெண்களைப் பார்த்தேன். அவர்களில் ஒரு அக்கா சொன்னது: “எதுத்தாப்ல யாருன்னே தெரியாது பாத்துக்க. வெட்டிப்போட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம்.” அந்த அக்கா சிரித்த சிரிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பீடிக்கடையில் இலைக்கும் தூளுக்கும் நின்று, கழிவு என்று ஒதுக்கப்படும் பீடிக்கட்டுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாமல் திரும்பும் பெண் அவர். முன்பின் தெரியாத ஓர் ஆளை, அவன் என்ன சாதி என்ற கணக்கே இல்லாமல், தோற்கடிக்க முடிகிறது. ஆச்சிக்கு அது வாய்க்கவில்லை.

ஆனால் இதைச் சமத்துவம் என்று கொண்டாட நான் தயாராக இல்லை. தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலம். சீசன் நேரத்தில் ஐந்தருவியில் எல்லோரும் ஒரே தண்ணீரில்தான் தலையைக் கொடுக்கிறோம். பக்கத்தில் நிற்பவரிடம் சாதி கேட்பதில்லை. ஏன்? வந்திருப்பவர்கள் முகம் தெரியாத வெளியூர்க் கூட்டம். தலை துவட்டி ஊர் திரும்பினால் தெருப் பெயர் சொன்னதுமே எல்லாம் தெரிந்துவிடும். செயலியில் முகம் தெரியாதவரோடு ஆடுவதும் இப்படித்தான். தெரியாதவரை மனிதராக நடத்துகிறோம், தெரிந்துவிட்டால் இல்லை.

தெரிந்துகொள்ளவும் வெகுநேரம் ஆவதில்லை. பெயருக்குப் பின்னால் பட்டம், முகப்புப் படத்தில் சாதித் தலைவர், கொடியின் இரண்டு வண்ணங்கள். ‘நண்பர்களோடு ஆடு’ என்ற பொத்தானை அழுத்தினால் ஓர் எண் வரும். அதை எந்த வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமோ அந்தக் குழுதான் அன்றைய திண்ணை.

ஒரு பள்ளிக்கு வெளியே ஒரே போனைச் சுற்றி நான்கு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்து லூடோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நிறம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ஒருவன் மஞ்சளைத் தொட மறுத்தான். ஏன் என்று கேட்டேன். “அது அவனுவ கலருல்லா, யக்கா” என்றான். சொன்னதில் வெறுப்புகூட இல்லை. நாளைக்கு என்ன கிழமை என்று சொல்வதைப்போலச் சொன்னான்.

இது ஒரு பையனின் மனக்கோளாறு அல்ல. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைப் பற்றி 2019இல் பள்ளிக் கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கையே சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்களைப் பட்டியலிட்டது. முதல் மூன்றும் லூடோ பலகையிலும் இருக்கின்றன. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது; மிதிவண்டியில் சாதி நிறம் பூசுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. கயிற்றை அறுக்கச் சொல்வது சரிதான். நிறத்தை ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து எப்படி அறுப்பது?

இதே மாவட்டத்தில்தான் பாஞ்சாங்குளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்குப் போகும் தலித் குழந்தைகள் தின்பண்டம் கேட்டு நிற்கிறார்கள். ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்கு எதுவும் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறது ஒரு குரல். கேமரா கடைக்குள்ளே இருந்தது, குழந்தைகள் வெளியே நின்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, கடைக்குச் சீல் என்று நடவடிக்கை வந்தது. ‘கட்டுப்பாடு’ என்றால் என்ன என்று ஒரு சிறுவன் திருப்பிக் கேட்டான். அந்தச் செல்போனிலும் லூடோ இருந்திருக்கலாம். கருவி தன்னளவில் யாரையும் விடுவிப்பதில்லை என்று தோழர்களுக்குச் சொல்ல இதைவிட வேறு உதாரணம் எனக்கு வேண்டாம்.

அதனால் திண்ணைக்கும் திரும்ப வேண்டாம், செயலியே போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். சாதி தெரிந்த பிறகும், அதே ஊரில், எதிரெதிரே உட்கார்ந்து ஆட ஓர் இடம் வேண்டும். பள்ளியும் ஊர்ப்புற நூலகமும்தான் அந்த இடமாக முடியும். வாரம் ஒரு பாடவேளை போதும். இரண்டு நிபந்தனைகள்: யார் யாரோடு உட்காருவது என்பதும், யாருக்கு எந்த நிறம் என்பதும் குலுக்கலில் முடிவாக வேண்டும். எந்த நிறமும் யாருடையதும் அல்ல என்பதை ஆசிரியர் பாடமாக நடத்தினால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். மஞ்சள் காயைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்துப் பார்க்கட்டும்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மாலைநேரப் பயிலகத்தில் இதைத் தொடங்கியிருக்கிறோம். முதல் வாரமே இரண்டு வீடுகளிலிருந்து பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். குலுக்கலில் ‘அந்த நிறம்’ வந்ததுதான் காரணம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. படிப்பு கெடுகிறது என்றார்கள். ஒருவன் மூன்றாம் வாரம் திரும்பி வந்துவிட்டான். மற்றவனின் வீட்டுக்கு இன்னும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய லூடோ அட்டை கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். காய் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே புளியமுத்துக்குப் பஞ்சமில்லை.